அயோவாவில் ஒரு பேக்கரிக்காரர்: குடும்ப வரலாற்றில் அவருக்குக் கிடைத்தது அரைப் பக்கம்

அயோவா மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவரின் குடும்பம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஸ்காட் கவுண்டியைச் (நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்தது. டேவன்போர்ட்டுக்கு மேற்கே ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கே முப்பது வருடங்களுக்கு மேல் பேக்கரி நடத்தியவர். ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் பகுதியில் பிறந்து, 1880களில் இளைஞனாகக் கப்பலேறி வந்தவர்.

குடும்ப வரலாறு என்று ஒன்று இருக்கிறது. 1960களில் ஒரு பெரியம்மா தட்டச்சு செய்து வைத்தது. நிலம் வாங்கிய அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். எத்தனை ஏக்கர், எந்த வருடம் எந்தக் களஞ்சியம் கட்டினார்கள் என்பது வரை எல்லாம் இருக்கிறது. பேக்கரிக்காரருக்குக் கிடைத்தது அரைப் பக்கம்தான். கடின உழைப்பாளி, தாராள மனசுக்காரர், 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்த காலத்தில் யாரையும் பசியோடு அனுப்பியதில்லை. அவர் மனைவிக்கு ஒரே வரி: அயோவாவிலேயே பிறந்தவர், நன்றாகப் பாடுவார்.

அடுத்த கோடையில் குடும்பச் சந்திப்புக்காகப் புத்தகத்தைத் திருத்தி அச்சடிக்கப் போகிறார்கள். அந்த அத்தியாயத்தை மாமியார் என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்கும் அந்த மனிதர் மேல் பிடிப்பு வந்துவிட்டது. என் பிள்ளைகளுக்கு அவரும் எள்ளுத்தாத்தாதானே, அவர்களுக்காகத் தமிழிலும் ஒரு பிரதி எழுதி வைக்க ஆசை.

கையில் இருப்பவை: 1900, 1910 குடிக்கணக்கு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) பக்கங்கள், கடை வாசலில் எடுத்த ஒரு படம், 1910களிலிருந்து 1930களின் தொடக்கம் வரை எழுதிய கடன் நோட்டு. அந்த நோட்டில் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் சிற்றூர் பேக்கரிக்காரரின் ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்? இரண்டாவது, மாமியார் "1918ஐ மட்டும் தொடாதே" என்கிறார். தொடலாமா?

ஆவணப்பெட்டி:

வாங்க மருமகளே. அயோவா என்பது உங்கள் அதிர்ஷ்டம். 1890ஆம் ஆண்டு குடிக்கணக்கில் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டன் அலுவலகக் கட்டடத்தில் பிடித்த தீயாலும் அதை அணைத்த தண்ணீராலும் பாழாகிவிட்டது. மற்ற பல மாநிலங்களில் 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது வருடம் வெறும் இருட்டு. அயோவாவோ தன் பங்குக்கு மாநிலக் கணக்கு எடுத்து வந்தது: 1885, 1895, 1905, 1915, 1925. ஐந்தையும் தேடுங்கள்.

1915 தான் இதில் புதையல். ஆளுக்கு ஒரு அட்டை. தொழில், முந்தைய வருடம் (1914) சம்பாதித்த தொகை, எத்தனை மாதம் வேலையில்லை, படிப்பு, சொந்த வீடா, அதன் மேல் கடன் உண்டா, எந்தத் தேவாலயச் சபை, அமெரிக்காவில் எத்தனை வருடம், அயோவாவில் எத்தனை வருடம் என்று எல்லாம் கேட்டிருப்பார்கள். ஒரு பேக்கரிக்காரரின் வருமானம் அவர் ஊர்த் தச்சர், பள்ளி ஆசிரியர், ரயில்வே ஆள் ஆகியோரின் வருமானத்தோடு ஒப்பிடக் கிடைப்பது அபூர்வம். பக்கத்து வீட்டு அட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள். 1925 கணக்கில் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்படக் கிடைக்கும்.

அப்புறம் கப்பல். ஹோல்ஸ்டைன்காரர் என்பதால் ஹாம்பர்க்கில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஹாம்பர்க் பயணிகள் பட்டியல் 1850 முதல் 1934 வரை பிழைத்திருக்கிறது. பிரேமனில் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டியல் கிடைக்காது, நியூயார்க்கில் இறங்கிய பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். 1880கள் என்றால் அங்கிருந்த பழைய குடியேற்ற நிலையமான காசில் கார்டன். பின்னால் வந்த எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரியில்தான் திறந்தது. குடும்பப் புத்தகத்தில் "எல்லிஸ் தீவில் இறங்கினார்" என்று இருந்தால் எடுத்துவிடுங்கள். "எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றினார்" என்று இருந்தாலும்தான். பெயர்களை எழுதியது ஏறிய துறைமுகத்தில், கப்பல் கம்பெனி குமாஸ்தா.

பிறந்த இடத்தைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். ஹோல்ஸ்டைன் 1864 வரை டென்மார்க் மன்னரின் கீழ் இருந்தது. 1867இல் பிரஷ்யாவோடு சேர்ந்தது. ஒரே ஆளுக்கு ஒரு தாளில் ஹோல்ஸ்டைன், இன்னொன்றில் பிரஷ்யா, மூன்றாவதில் ஜெர்மனி என்று வரும். ஆள் மாறவில்லை.

போறணைக்காரன்:

நான் ஊரில் விறகுப் போறணையில் (ரொட்டி சுடும் பெரிய அடுப்பு) வேலை பழகினவன். இப்போது மினியாபொலிஸில் ஒரு பேக்கரியில் இருக்கிறேன். எங்கள் முதலாளியின் குடும்பமும் ஜெர்மன் பேக்கரிக் குடும்பம்தான். முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

அவருடைய நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். மாவில் ஒரு பங்கு, தண்ணீர், ஈஸ்ட் சேர்த்துத் தளர்வாகக் கரைத்து மரத்தொட்டியில் மூடி வைப்பார்கள். அது இரவெல்லாம் நுரைத்து எழும்பி, தானாக அமுங்கத் தொடங்கும்போது எழுந்து, மீதி மாவும் உப்பும் போட்டுப் பிசைய வேண்டும். மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் இது முழுக்கக் கை வேலை. தொட்டிக்குள் தோள் வரை குனிந்து பிசைவது. இடுப்பும் தோளும்தான் முதலில் போகும். அடுத்தது மூச்சு. மாவுத் தூசியை வருடக்கணக்கில் இழுத்தால் இளைப்பு வரும், இன்றைக்கும் எங்கள் தொழிலில் அது இருக்கிறது. அவர் எதனால் இறந்தார் என்று இறப்புப் பதிவில் பாருங்கள்.

மாவு பீப்பாய்க் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு பீப்பாய் 196 பவுண்டு, நம் கணக்கில் கிட்டத்தட்ட 89 கிலோ. மூட்டையில் வந்தாலும் பேச்சு பீப்பாய்தான். அந்த மாவு எங்கள் மினியாபொலிஸிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு. 1880 தொட்டு 1930 வரை உலகத்திலேயே அதிகம் மாவு அரைத்த ஊர்களில் முதலில் நின்றது இது. வடக்கே விளையும் வசந்தகாலக் கோதுமை கடினமானது, பசைச் சத்து அதிகம், பாண், அதாவது ரொட்டி, நன்றாக எழும்பும். முன்பு கல் ஆலையில் அதை அரைத்தால் தவிடு கலந்து மாவு கறுக்கும். உருளை ஆலை வந்த பிறகுதான் அதிலிருந்து வெள்ளை மாவு எடுக்க முடிந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா வந்து இறங்கியது சரியாக அந்த மாற்றம் நடந்த பத்தாண்டில்.

ஈஸ்டை அழுத்திய கட்டியாக ரயிலில் வரவழைத்திருப்பார். சின்சினாட்டியில் ஃப்ளைஷ்மன் சகோதரர்கள் 1868இலேயே அந்தத் தொழிலைத் தொடங்கிவிட்டார்கள். மில்வாக்கியிலும் ஈஸ்ட் கம்பெனி வந்துவிட்டது. பனியில் ரயில் தாமதமானால்? உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சொந்தமாகப் புளிப்பு எடுக்கத் தெரியாத பேக்கரிக்காரர் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார்.

எல்லாவற்றையும் விட ஒன்று யோசியுங்கள். அவரிடம் பாண் வாங்கியது யார்? சுற்றிலும் பண்ணைகள். பண்ணை வீட்டுப் பெண்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வீட்டிலேயே சுட்டுவிடுவார்கள். கடையில் பாண் வாங்குவது சோம்பேறித்தனம் என்று நினைத்த காலம். ஆகவே அவருடைய ஆட்கள் ரயில்வே வேலைக்காரர்கள், ஓட்டல், தங்கும் விடுதி, தனியாக இருக்கிற ஆண்கள், கை ஒழியாத கடைக்காரர் வீடுகள். பண்ணைக்காரர்கள் சனிக்கிழமை ஊருக்குள் வருவார்கள். அன்றைக்கு விற்பது இனிப்பு பன், காபி கேக், பிஸ்மார்க் என்ற ஜாம் வைத்த டோனட். உங்கள் நோட்டில் சனிக்கிழமைப் பக்கங்களைப் பிரித்துப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

அயோவா மருமகள்:

போறணைக்காரன் அண்ணா, சொன்ன மாதிரியே இருக்கிறது! வாரநாட்களில் ஓட்டல் பெயரும் விடுதிக்காரம்மா பெயரும் திரும்பத் திரும்ப வருகின்றன. சனிக்கிழமைகளில் இருபது முப்பது பண்ணைக் குடும்பப் பெயர்கள், எல்லாம் இனிப்புச் சாமான். கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் பண்ணை வீடுகளும் ரொட்டி வாங்கியிருக்கிறார்கள்.

ஆவணப்பெட்டி ஐயா, 1915 அட்டைகள் கிடைத்துவிட்டன. அவருடைய அட்டையில் வருமானம் எழுதியிருக்கிறது, ஊர்த் தச்சரை விடக் கொஞ்சம் அதிகம். சொந்தக் கட்டடம், அதன் மேல் கடன். சபை என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. குடும்பப் புத்தகம் அவரைப் பக்தியுள்ள லூத்தரன் என்கிறது! மனைவியின் அட்டையில் தொழில் என்ற இடம் காலி.

1910 பக்கத்தில் அவர் பெயருக்கு நேராக ஒரு கட்டத்தில் இரண்டே எழுத்து, சொந்தக் கணக்கு என்பதன் சுருக்கம் போலிருக்கிறது. அதற்கு ஏதாவது பொருள் உண்டா?

ஆவணப்பெட்டி:

சபை காலியாக இருப்பதைக் கண்டு மாமியார் அதிர வேண்டாம். ஸ்காட் கவுண்டிக்கு வந்த ஹோல்ஸ்டைன்காரர்களில் டென்மார்க்குக்கு எதிரான 1848 புரட்சி தோற்ற பிறகு வெளியேறியவர்கள் ஒரு முக்கியமான கூட்டம். தேவாலயத்தை விட உடற்பயிற்சிக் கழகமும் பாட்டுக் கழகமும்தான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காற்று அடுத்த தலைமுறை வரை வீசியது. பாட்டி நன்றாகப் பாடுவார் என்ற அந்த ஒரு வரி எங்கிருந்து வந்திருக்கும் என்று அந்தப் பக்கம் தேடலாம்.

அந்த இரண்டு எழுத்துக்கு மிகப் பெரிய பொருள் உண்டு. 1910இல் ஒவ்வொரு தொழிலாளியையும் மூன்றாகப் பிரித்தார்கள். ஆள் வைத்து வேலை வாங்குபவர், கூலிக்கு வேலை செய்பவர், யாரையும் கூலிக்கு வைக்காமல் தன் கணக்கில் தொழில் செய்பவர். உங்கள் ஆள் மூன்றாவது. அப்படியென்றால் கணக்கெடுத்தவரிடம் அவர் சொன்னது, "என்னிடம் சம்பளத்துக்கு ஆள் கிடையாது."

மேலே போறணைக்காரன் சொன்ன வேலையை மறுபடி படியுங்கள். இரவு முழுக்கப் பிசைந்து சுட்டவர் பகலில் தூங்கித்தான் ஆக வேண்டும். அவர் தூங்கும்போது கடையில் நின்றது யார்? நோட்டில் அந்த இரண்டாவது கையெழுத்து யாருடையது?

சந்தேகி:

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தலாம். கையெழுத்தையும் இரண்டு எழுத்தையும் வைத்து மனைவியைப் பேக்கரிக்காரியாக ஆக்கிவிட வேண்டாம். சொந்தக் கணக்கு என்று போட்டாலும் வாரக் கடைசியில் ஒரு பையனைக் காசு கொடுத்து வைத்திருக்கலாம். மூத்த மகன் எழுதியிருக்கலாம். அரசாங்கத் தாள் தொழில் இல்லை என்கிறது. நாமும் அதற்கு மேல் எழுதக் கூடாது. குடும்ப வரலாறுகள் கெடுவதே இப்படித்தான்: ஒரு தலைமுறை தாத்தாவைப் புனிதராக்கும், அடுத்த தலைமுறை பாட்டியை ஆக்கும்.

தறிவீட்டுப் பெண்:

சந்தேகி சார், தாள் சொல்வதை மட்டும் எழுதுங்கள் என்றால், அந்தத் தாள் எப்படி நிரப்பப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1910இல் கணக்கெடுப்பவர்களுக்குக் கொடுத்த அறிவுரையிலேயே பெண்கள், பிள்ளைகள் தொழிலையும் ஆண்கள் தொழில் போலவே கவனமாகக் கேட்டு எழுது, விசாரிக்காமல் ஒன்றுமில்லை என்று போடாதே என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கமாக என்ன நடந்தது என்பது அதிலேயே தெரிகிறது. வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் உழைத்த மனைவி அந்தத் தாள்களில் நாடெங்கும் விடுபட்டிருக்கிறார். காலிக் கட்டம் அவர் சும்மா இருந்ததற்குச் சாட்சி ஆகாது.

மருமகளே, ஒன்று செய்யுங்கள். குடும்பத்தில் அந்தப் பாட்டி எழுதிய கடிதமோ, சமையல் குறிப்போ, வேதாகமத்தில் பிறப்பு இறப்பு எழுதிய பக்கமோ இருக்கும். நோட்டோடு வைத்து எழுத்தை ஒப்பிடுங்கள். இன்னொன்று: 1900, 1910 இரண்டிலும் மணமான பெண்ணிடம் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு என்று கேட்டிருப்பார்கள். அதைப் பார்த்தீர்களா?

அயோவா மருமகள்:

பார்த்தேன். 1910இல் பெற்றது ஏழு, இருப்பது ஐந்து. குடும்பப் புத்தகத்தில் ஐந்து பெயர்தான். மாமியாருக்கே இது புதுச் செய்தி. போன வாரம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பெரிய கல்லுக்குப் பின்னால் புல் மூடிய சின்னக் கல் இரண்டு. அவர் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

கையெழுத்தும் ஒத்துப்போகிறது. அத்தை ஒருவரிடம் பாட்டி எழுதிய சமையல் குறிப்புகள் இருந்தன. எண் ஏழின் நடுவில் போடும் கோடு, பெரிய எழுத்துகளின் சுழி, எல்லாம் அதேதான். பகல் விற்பனைகள் பாட்டி கை. மாவு, நிலக்கரி, ஈஸ்ட் வாங்கிய கணக்குகளும் பாதிக்கு மேல் அவர் கை.

சந்தேகி:

அப்படியானால் எழுதுங்கள். கையெழுத்து ஒப்பீட்டின் படத்தையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள், படிப்பவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

போறணைக்காரன்:

நிலக்கரியும் மாவும் வாங்கியது பாட்டி என்றால் கடையை நடத்தியதே அவர்தான் தங்கச்சி. பாண் சுடுவது பாதித் தொழில். எந்த நாளில் எத்தனை சுட வேண்டும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், மாவு விலை ஏறும் முன் எத்தனை பீப்பாய் எடுத்து வைக்கலாம் என்பது மீதிப் பாதி. அதில் பிசகினால் எவ்வளவு நல்ல பாணும் கடையைக் காப்பாற்றாது. என் அனுபவத்தில் பார்த்தது.

ஆவணப்பெட்டி:

கட்டடத்தைப் பற்றி எழுத, தீ காப்பீட்டுக்காக சான்பார்ன் நிறுவனம் வரைந்த ஊர் வரைபடங்களைப் பாருங்கள். சுமார் 12,000 ஊர்களுக்கு உண்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசம். செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். பேக்கரி என்றால் தீ ஆபத்து, அதனால் அடுப்பு எந்த மூலையில் என்பதைக்கூடக் குறித்திருப்பார்கள். வெவ்வேறு வருடத்துத் தாள்களை அடுக்கி வைத்தால் கடை வளர்ந்தது கண்ணுக்குத் தெரியும்.

இனி 1918. தொடலாமா என்பதை முடிவு செய்யும் முன், குடிக்கணக்கில் குடியுரிமைக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அயோவா மருமகள்:

1900, 1910 இரண்டிலும் முதல் விண்ணப்பம் கொடுத்தவர் என்பதற்கான குறி. முழுக் குடியுரிமை இல்லை.

ஆவணப்பெட்டி:

நான் பயந்தது இதுதான். முதல் தாள் கொடுத்துவிட்டு, இரண்டாவதற்குப் போகாமல் இருபது முப்பது வருடம் இருந்தவர்கள் ஏராளம். கடையை மூடிவிட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், சாட்சி வேண்டும், அவசரமும் இல்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் அப்படிப்பட்ட ஒவ்வொரு ஜெர்மன் ஆணும் சட்டப்படி எதிரி நாட்டுக்காரர். 1918 பிப்ரவரியில் 14 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் நேரில் போய்ப் பதிய வேண்டும். புகைப்படம், விரல் ரேகை, சொந்த விவரம் எல்லாம் கொடுக்க வேண்டும். ஊரே அவரிடம் ரொட்டி வாங்கியிருக்கிறது, அவர் போய் விரலில் மை தடவிக்கொண்டு நிற்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவரின் மனைவியாக இருக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். பாட்டி அயோவாவில் பிறந்தவர் என்றீர்களே. 1918 ஜூனில் பெண்களுக்குப் பதிவு வந்தபோது, இப்படிப்பட்ட உள்ளூர்ப் பிறவிகளும் கணவனுடைய நாட்டின் பேரால் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

தறிவீட்டுப் பெண்:

அதே வருடம் மே மாதம் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் போட்ட உத்தரவையும் சேர்க்க வேண்டும். 1918 மே 23. பள்ளி, ரயில், பொது இடம், தொலைபேசி எங்கும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. தேவாலயப் பிரசங்கமும் ஆங்கிலத்தில்தான். உங்கள் ஸ்காட் கவுண்டியிலேயே தொலைபேசியில் ஜெர்மன் பேசிய பெண்களிடம் 225 டாலர் வசூலித்துச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். டிசம்பர் 4ஆம் தேதி உத்தரவு விலக்கப்பட்டது. ஆனால் டேவன்போர்ட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் வந்துகொண்டிருந்த ஜெர்மன் நாளிதழ் அந்த வருடத்தோடு நின்றே போனது.

ஒரு பேக்கரிக் கடையில் இது எப்படி இருந்திருக்கும்? தினமும் வரும் கிழவி, பல வருடமாக ஜெர்மனில் ரொட்டி கேட்டவர், இனி விரலால் காட்ட வேண்டும்.

போறணைக்காரன்:

அந்த வருடம் பாணே வேறு. போர்முனைக்குக் கோதுமை அனுப்ப வேண்டும் என்று ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான உணவு நிர்வாகம் பேக்கரிகளைக் கட்டுப்படுத்தியது. ஹூவரும் அயோவாக்காரர்தான், வெஸ்ட் பிராஞ்ச் ஊர், உங்கள் கவுண்டியிலிருந்து தூரமில்லை. மாவில் சோளம், பார்லி, ஓட்ஸ் போன்றவற்றைக் கலக்க வேண்டும். 5 சதவீதத்தில் தொடங்கி, 1918 பிப்ரவரி இறுதியில் 20 சதவீதம் ஆனது. வெற்றி ரொட்டி என்று பெயர்.

சோளத்திலும் ஓட்ஸிலும் கோதுமையின் பசை கிடையாது, பார்லியிலும் அது எழும்பாது. 20 சதவீதம் கலந்தால் பாண் எழும்பாமல் கனமாக, ஈரமாக வரும், சீக்கிரம் உதிரும். இத்தனை வருடம் பேர் எடுத்த மனிதர் தன் கையால் மோசமான பாண் சுட்டு விற்க வேண்டும். அதிலும் அவர் ஜெர்மன்காரர். உணவில் ஜெர்மானியர்கள் கண்ணாடித் தூள் கலக்கிறார்கள் என்ற வதந்தி அப்போது நாடெங்கும் ஓடியது. தங்கச்சி, நோட்டில் அந்த வருடம் எப்படி இருக்கிறது?

அயோவா மருமகள்:

அண்ணா, நீங்கள் கேட்டதும் எடுத்துப் பார்த்தேன். 1918 வசந்தத்திலிருந்து சில பழைய பெயர்கள் காணவில்லை. ஓட்டல் ஏப்ரலோடு நிற்கிறது, அடுத்த வருடம் திரும்ப வருகிறது. அதுவரை ஜெர்மனில் எழுதிய சாமான் பெயர்கள் ஜூன் முதல் ஆங்கிலத்தில். கை பாட்டியுடையதுதான்.

மாமியாரிடம் காட்டினேன். அவர் சொன்னது: "என் அப்பா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசிவரை எங்களுக்கு ஜெர்மன் சொல்லித் தரவும் இல்லை." இன்னும் எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறார், ஆனால் குரல் மாறியிருக்கிறது.

ஊர்க்காரன்:

நான் மாமியார் பக்கம். குடும்பச் சந்திப்புக்குக் குழந்தைகள், வயதானவர்கள் வருவார்கள். அந்த ஓட்டல்காரர் குடும்பமும் அதே ஊரில் இருக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய மனஸ்தாபத்தைக் கிளறி என்ன ஆகப் போகிறது? அவர்களே மறைத்ததை நாம் திறப்பது மரியாதையும் இல்லை.

தறிவீட்டுப் பெண்:

மரியாதை என்று எதைச் சொல்கிறீர்கள் அண்ணா? அவர்கள் தப்பு செய்து மறைக்கவில்லை. அவர்களுக்கு நடந்ததை வெட்கமாக ஆக்கி மறைக்க வைத்தார்கள். பேசாமல் விட்டால் அந்த வெட்கம் அப்படியே நிற்கும். ஓட்டல்காரர் பெயரைப் போட வேண்டியதில்லை, அது சரி. பதிவு செய்தது, மொழி நின்றது, ரொட்டி மாறியது, வியாபாரம் விழுந்தது, மறு வருடம் எழுந்தது, இதை எழுதத்தான் வேண்டும். மறு வருடம் அதே ஓட்டலுக்கு ரொட்டி கொடுத்திருக்கிறார்களே, அதற்கு எவ்வளவு மனம் வேண்டும்! தாராள மனசுக்காரர் என்று வெறுமனே எழுதுவதை விட இது எவ்வளவு மேல்.

ஆவணப்பெட்டி:

தாராளத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். பெருமந்த காலத்தில் இலவசமாகக் கொடுத்தார் என்ற வரியை நோட்டை வைத்துச் சோதியுங்கள். அயோவாவில் கஷ்டம் 1929இல் தொடங்கவில்லை. போர் முடிந்து 1920இல் விளைபொருள் விலை சரிந்ததிலிருந்தே பண்ணைகள் கடனில். அந்தப் பத்தாண்டிலேயே சிற்றூர் வங்கிகள் வரிசையாக மூடின.

அத்தோடு போட்டி. கையால் துண்டு போடாமல் இயந்திரத்தில் வெட்டிய ரொட்டியைக் கண்டுபிடித்த ஓட்டோ ரோவெடர் உங்கள் டேவன்போர்ட்டில் பிறந்தவர். முதலில் விற்றது மிசூரியின் சில்லிகாத்தி என்ற சிற்றூர் பேக்கரி, 1928 ஜூலை 7. சிற்றூர்க்காரர்கள் தொடங்கியதுதான், ஆனால் லாபம் பார்த்தது நகரத்துப் பெரிய ஆலைகள். 1930இல் நாடெங்கும் வெட்டிய ரொட்டி லாரியில் வந்து மளிகைக் கடையிலேயே இறங்கியது. 1933 ஜூலையில் கோதுமை அரைப்புக்கு புஷல் என்ற தானிய அளவுக்கு 30 சென்ட் வரி வேறு.

ஊர்க்காரன்:

கேட்க ஒன்று உண்டு. சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு அவர் கொடுத்த விண்ணப்பத்தை வாங்கினால் பெற்றோர் பெயர், கையொப்பம் எல்லாம் கிடைக்குமே? யாரும் சொல்லவில்லை.

ஆவணப்பெட்டி:

அவருக்குக் கிடைக்காது தம்பி. 1935 சட்டம் சம்பள ஆட்களுக்கு மட்டும். சொந்தத் தொழில் செய்தவர்கள் 1951இல்தான் உள்ளே வந்தார்கள். மகன்களுக்கு வாங்கலாம், அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும்.

அயோவா மருமகள்:

நோட்டைப் பார்த்துவிட்டேன். இலவசம் என்று எங்கும் எழுதவில்லை. 1921லிருந்து ஒரே பண்ணைப் பெயர்கள் பாக்கியோடு அடுத்த பக்கத்துக்குப் போகின்றன, அதற்கடுத்த பக்கத்துக்கும் போகின்றன. வசூலான அடையாளம் இல்லை, கொடுப்பது நிற்கவும் இல்லை. கடைசிப் பக்கங்களில் பாக்கிகளைக் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுதியது முழுக்கப் பாட்டியின் கை. கடை 1933 இலையுதிர்காலத்தில் மூடியது.

ஆங்கிலத்தில் எழுதியதன் ஒரு பகுதியைத் தமிழில் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"பேக்கரி இரண்டு பேருடையது. இரவு அவருடையது, பகல் அவளுடையது. 1910இல் அவர்களிடம் கூலியாள் இல்லை. ஏழு குழந்தைகள் பிறந்தார்கள், இருவரை இழந்தார்கள். 1918இல் அவர் எதிரி நாட்டுக்காரராகப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவரை மணந்ததால் அயோவாவில் பிறந்த அவளும் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஜூன் முதல் கணக்கு நோட்டில் ஜெர்மன் இல்லை. சில வாடிக்கைக்காரர்கள் போனார்கள், பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள், அவர்களுக்கு ரொட்டி கிடைத்தது. 1921க்குப் பிறகு கொடுக்க முடியாதவர்களுக்கும் கிடைத்தது. அவள் அதை எழுதிவைத்தாள், கேட்கவில்லை."

தறிவீட்டுப் பெண்:

ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள்.

சந்தேகி:

ஒன்றை மாற்ற வேண்டும். "பதிந்துகொள்ள வேண்டியிருந்தது" என்று சட்டத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். 1910க்கும் 1918க்கும் நடுவே அவர் குடியுரிமை வாங்கியிருந்தால் இரண்டு வரியும் விழுந்துவிடும். 1920 குடிக்கணக்கில் குடியுரிமை பெற்ற வருடம் என்று ஒரு கட்டம் உண்டு. அச்சுக்குக் கொடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

அயோவா மருமகள்:

இப்போதுதான் பார்த்தேன் சார். 1920 ஜனவரியிலும் அதே குறிதான், முதல் விண்ணப்பம். 1925 மாநிலக் கணக்கில் குடியுரிமை பெற்றவர் என்று இருக்கிறது.

ஆவணப்பெட்டி:

அப்படியானால் அந்த வரிகள் நிற்கும். இன்னும் ஒரே ஒரு வேலை: கவுண்டி நீதிமன்ற எழுத்தரிடம் அவருடைய குடியுரிமைத் தாளைக் கேளுங்கள். தேதி முக்கியம். 1922 செப்டம்பர் 22க்கு முன் என்றால் அவரோடு சேர்ந்து பாட்டிக்கும் குடியுரிமை திரும்பியிருக்கும். அதற்குப் பின் என்றால் பாட்டி தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும், அந்தத் தாளில் அவருடைய கையொப்பம் இருக்கும்.

அயோவா மருமகள்:

திங்கட்கிழமை போகிறேன். மாமியாரும் வருகிறேன் என்கிறார்.